குறுக்கு உரிமத் தகராறுகளைப் படிப்பது எப்படி: சிப் நிறுவனங்களின் காப்புரிமை வழக்குகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தாண்டிக்குடிக்குக் கீழே இருக்கும் எங்கள் காப்பித் தோட்டத்திலிருந்து சாலைக்கு ஏறி வர வேண்டுமானால், பக்கத்துத் தோட்டத்தின் வழியாக ஏறக்குறைய முந்நூறு அடி நடந்தாக வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரர் தம் ஊற்றுக்குப் போக வேண்டுமானால் எங்கள் நிலத்தை மிதிக்காமல் போக முடியாது. இரண்டு வீட்டுத் தாத்தாக்களும் 1971இல் ஒரு முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டார்கள். அவர்கள் நிலத்தின் வழியாக நாங்கள் 'தலைச்சுமையாகவும் பொதிக்குதிரையிலும் விளைபொருள் கொண்டுபோகலாம்'; எங்கள் நிலத்தின் வழியாக அவர்கள் ஊற்றுக்குப் போய் வரலாம். பணம் எதுவும் கைமாறவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு சிறு மனத்தாங்கல்கூட இல்லாமல் அந்தத் தாள் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. பிறகு பொதிக்குதிரைகள் குறைந்து, பட்டிவீரன்பட்டிக்குக் காப்பி மூட்டைகளை ஏற்றிப்போக நாங்கள் ஒரு பிக்கப் வண்டி வாங்கினோம். அந்த வண்டி அந்தப் பாதையில் போகலாமா என்ற கேள்வியில்தான் தகராறு தொடங்கியது.

நான் பெங்களூருவில் ஒரு சிப் வடிவமைப்பு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு மலைக்குத் திரும்பியவள். அங்கே என் மேசைக்கு வந்த குறுக்கு உரிமத் தகராறுகளில் பலவும் இந்தப் பாதைத் தகராற்றின் வடிவத்திலேயே இருந்தன. யார் கண்டுபிடித்தது என்பதைவிட, பழைய பொருளுக்காக எழுதிய சொல் புதிய பொருளுக்கும் பொருந்துமா என்பதே அவற்றில் பெரும்பாலும் கேள்வியாக இருந்தது. பெங்களூருவில் சிப் சோதனைப் பொறியாளராக இருக்கும் என் அண்ணன் மகன், டிசம்பரில் பழம் பறிக்க வந்திருந்தபோது, "அத்தை, இன்டெலும் ஏஎம்டியும் ஒருத்தர் பேட்டன்ட்டை இன்னொருத்தர் பயன்படுத்தலாம்னு கையெழுத்துப் போட்டிருக்காங்கன்னா, அப்புறம் எதுக்கு கோர்ட்டுக்குப் போறாங்க?" என்று கேட்டான். இன்டெலும் ஏஎம்டியும் கணினிச் செயலிகள் செய்யும் போட்டி நிறுவனங்கள். அந்தக் கேள்விக்கு விடையாகவும், இத்துறையில் நுழையும் பொறியாளர்களுக்கும் சட்ட மாணவர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்திலும் இதை எழுதுகிறேன்.

முதல் படி: காப்புரிமை எதைத் தருகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

காப்புரிமை கிடைத்துவிட்டால் அந்தப் பொருளைச் செய்யும் உரிமை வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். காப்புரிமை தருவது பிறரைத் தடுக்கும் உரிமையை மட்டுமே. எங்கள் நிலத்துக்குப் பட்டா இருப்பதால் பக்கத்து நிலத்தில் நடக்கும் உரிமை எங்களுக்கு வந்துவிடாது. எங்கள் நிலத்தில் மற்றவர் நடப்பதைத் தடுக்கத்தான் அந்தப் பட்டா பயன்படும். ஒரு நவீனச் செயலியில் பல நிறுவனங்களின் ஆயிரக்கணக்கான காப்புரிமைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால், யாராலும் பிறர் நிலத்தை மிதிக்காமல் சாலைக்கு வர முடியாது. குறுக்கு உரிமம் என்பது, நீ என்னைத் தடுக்க மாட்டாய், நான் உன்னைத் தடுக்க மாட்டேன் என்று இரு தரப்பும் எழுதிக்கொள்ளும் ஏற்பாடு.

இந்தத் தொழில் பிறந்தபோதே இந்த ஏற்பாடும் பிறந்தது. ஒருங்கிணைந்த மின்சுற்றுக்கு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஜாக் கில்பி 1959 பிப்ரவரியிலும், ஃபேர்சைல்டின் ராபர்ட் நாய்ஸ் அதே ஆண்டு ஜூலையிலும் விண்ணப்பித்தார்கள். நாய்ஸுக்கு 1961இல் காப்புரிமை கிடைத்தது. கில்பிக்கு 1964இல் கிடைத்தது. யார் முந்தியவர் என்ற வழக்கு 1969இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நாய்ஸுக்குச் சாதகமாகச் சொல்லும்வரை நீண்டது. ஆனால் அந்தத் தீர்ப்பு வருவதற்கு முன்பே, 1966இல், இரு நிறுவனங்களும் ஒன்றுக்கொன்று உரிமம் கொடுத்துக்கொண்டு, மற்ற தயாரிப்பாளர்கள் இருவரிடமும் உரிமம் பெற வேண்டிய நிலையை உண்டாக்கிவிட்டன. வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்கும் அளவுக்கு வியாபாரத்துக்குப் பொறுமை இருக்கவில்லை. இன்றைய தகராறுகளைப் படிக்கும்போதும் நீதிமன்றத் தேதிகளுக்குப் பக்கத்திலேயே வியாபாரத் தேதிகளையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியதன் காரணம் இதுதான்.

இரண்டாம் படி: செய்திக் குறிப்பை ஒதுக்கிவிட்டு ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள்

குறுக்கு உரிம ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இரகசியமானவை என்றாலும், அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் தங்கள் வணிகத்துக்கு முக்கியமான ஒப்பந்தங்களை அந்நாட்டுப் பங்குப் பரிவர்த்தனை ஆணையத்திடம் தாக்கல் செய்ய வேண்டியிருக்கிறது. 2009இல் இன்டெலும் ஏஎம்டியும் செய்துகொண்ட ஒப்பந்தம் அப்படித்தான் பொதுப் பார்வைக்கு வந்தது. தொகையும் சில விவரங்களும் நட்சத்திரக் குறிகளால் மறைக்கப்பட்டிருக்கலாம். அதனால் மனம் தளர வேண்டாம், தகராற்றுக்குக் காரணமாகும் சொற்களை அவர்கள் மறைப்பது அரிது. ஒப்பந்தமே கிடைக்காத இடத்தில் நீதிமன்றத் தீர்ப்புகள் உதவும், ஏனென்றால் நீதிபதி தாம் விளக்கம் சொல்லும் பிரிவைத் தீர்ப்பில் அப்படியே எடுத்து எழுதுவார்.

கிடைத்ததும் அச்செடுத்து, சிவப்புப் பென்சிலோடு உட்காருங்கள். முதலில் உரிமம் வழங்கும் பிரிவைப் படிக்க வேண்டும் என்று தோன்றும், அது வேண்டாம். வரையறைகள் உள்ள பக்கத்தைத் திறந்து, ஆங்கிலப் பெரிய எழுத்தில் (capital letter) தொடங்கும் ஒவ்வொரு சொல்லையும் வட்டமிடுங்கள். உரிமம் வழங்கும் பிரிவு பெரும்பாலும் நான்கைந்து வரிகளில் முடிந்துவிடும். அந்த நான்கைந்து வரிகளின் பொருள் முழுவதும் வட்டமிட்ட சொற்களுக்குள்தான் இருக்கிறது.

மூன்றாம் படி: ஒவ்வொரு வரையறையையும் இன்றைய பொருளோடு ஒப்பிடுங்கள்

வழிகாட்டியின் மற்ற எல்லாப் படிகளையும் வேகமாகக் கடந்தாலும் இந்த ஒரு படியில் நின்று நிதானமாகப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்டெலுக்கும் ஏஎம்டிக்கும் 1976இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தில், இன்டெலின் 'மைக்ரோகம்ப்யூட்டர்'களிலும் துணைப் பொருள்களிலும் அடங்கிய மைக்ரோகோடை நகலெடுக்கும் உரிமை ஏஎம்டிக்குத் தரப்பட்டிருந்தது. மைக்ரோகோடு என்பது செயலியின் உள்ளே எழுதப்பட்டிருக்கும் கட்டளைத் தொகுப்பு. ஏஎம்டி பின்னாளில் 287 என்ற கணிதத் துணைச்செயலியைச் செய்தபோது, அந்தச் சொல் முழுக் கணினி அமைப்பைக் குறிக்கிறதா, தனிச் சிப்பையும் குறிக்கிறதா என்ற கேள்வி எழுந்தது. 1992இல் ஒரு ஜூரி இன்டெல் பக்கம் சொன்னது. மறுவிசாரணை நடந்து 1994இல் இன்னொரு ஜூரி ஏஎம்டி பக்கம் சொன்னது. தொழில் இளமையாக இருந்தபோது, எல்லாருக்கும் பொருள் தெரியும் என்று நினைத்து விளக்காமல் விட்ட ஒரு சொல், ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து இரண்டு ஜூரிகளை எதிரெதிர்த் திசையில் அனுப்பியது.

எங்கள் பொதிக்குதிரைக்கும் பிக்கப்புக்கும் மிக நெருக்கமான வழக்கு இன்டெலுக்கும், கிராபிக்ஸ் சிப்புகள் செய்யும் என்விடியாவுக்கும் இடையே நடந்தது. 2004இல் அவர்கள் குறுக்கு உரிமமும், இன்டெல் செயலிகளைக் கணினியின் மற்றப் பாகங்களோடு இணைக்கும் துணைச் சிப்புகளான சிப்செட்டுகளை என்விடியா செய்வதற்கான உரிமமும் எழுதிக்கொண்டார்கள். அப்போது இன்டெல் கணினிகளில் நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி, செயலிக்கு வெளியே, சிப்செட்டில் இருந்தது. 2008 இறுதியில் வந்த நெஹலேம் தலைமுறையில் இன்டெல் அந்தப் பகுதியைச் செயலிக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. செயலியும் சிப்செட்டும் பேசிக்கொள்ளும் வழியும் அதோடு மாறியது. நினைவகக் கட்டுப்பாடு உள்ளே இருக்கும் செயலிகளுக்கு இந்த உரிமம் பொருந்தாது என்று அறிவிக்கக் கோரி இன்டெல் 2009 பிப்ரவரியில் டெலாவேர் நீதிமன்றத்துக்குப் போனது. உரிமம் பொருந்தும், இன்டெல்தான் ஒப்பந்தத்தை மீறியது என்று என்விடியா அடுத்த மாதமே எதிர்வழக்குத் தொடுத்தது. 2011 ஜனவரியில் 150 கோடி டாலரைத் தவணைகளில் தர இன்டெல் ஒப்புக்கொண்டது. என்விடியாவுக்கு எக்ஸ்86 என்னும் இன்டெல் வகைக் கட்டளை அமைப்பில் இயங்கும் செயலிகளைச் செய்யும் உரிமை கிடையாது என்பதும் அந்தச் சமரசத்தில் எழுதப்பட்டது. அப்படிக் கோடு கிழித்துக்கொண்ட இதே இரு நிறுவனங்கள், 2025 செப்டம்பரில், இன்டெல் செய்யும் எக்ஸ்86 சிப்புகளோடு என்விடியாவின் கிராபிக்ஸை இணைக்கப் போவதாகக் கூட்டாக அறிவித்தன.

அடுத்து ஆள்களைப் பற்றிய வரையறைகள். 'துணை நிறுவனம்', 'சார்பு நிறுவனம்' என்ற சொற்களில் எத்தனை சதவீதப் பங்கு, யாருடைய வாக்குரிமை, எந்தத் தேதியில் என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். விஎல்எஸ்ஐ என்ற, காப்புரிமைகளை வைத்திருப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் டெக்சாஸில் தொடுத்த வழக்கில், 2021 மார்ச்சில் ஒரு ஜூரி இன்டெலுக்கு எதிராக இருநூறு கோடி டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. இன்டெலின் தரப்பில் ஒரு பழைய தாள் இருந்தது: ஃபின்ஜன் என்ற வேறொரு நிறுவனத்தோடு 2012இல் போட்ட உரிம ஒப்பந்தம். ஃபின்ஜனையும் விஎல்எஸ்ஐயையும் பின்னாளில் ஃபோர்ட்ரெஸ் என்ற ஒரே முதலீட்டு நிறுவனம் கட்டுப்படுத்துவதால், அந்த உரிமம் விஎல்எஸ்ஐயின் காப்புரிமைகளுக்கும் நீள்கிறது என்பது இன்டெலின் வாதம். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 டிசம்பரில் இழப்பீட்டுத் தீர்ப்பை நிலைநிறுத்தாமல் விட்டதோடு, இந்த வாதத்தையும் விசாரிக்க வழி திறந்தது. இரு நிறுவனங்களும் ஒரே கட்டுப்பாட்டில் இருந்தன என்று 2025 மே மாதத்தில் ஒரு ஜூரி கண்டது. வழக்குத் தொடுப்பவர் யார் என்று தெரிந்தவுடன், அவருடைய உறவு வட்டத்தில் உள்ள ஒவ்வொரு நிறுவனத்தோடும் நமக்குப் பழைய ஒப்பந்தம் ஏதாவது உண்டா என்று தேடச் சொல்லி நான் வலியுறுத்துவது இதனால்தான்.

நான்காம் படி: யார் கையால் செய்யப்படுகிறது என்று பாருங்கள்

சொந்த ஆலை இல்லாத சிப் நிறுவனங்கள் தங்கள் வடிவமைப்பை ஃபவுண்டரி என்னும் உற்பத்தி ஆலைகளிடம் கொடுத்துச் செய்வித்துக்கொள்கின்றன. உரிமத்தில் 'செய்ய, பயன்படுத்த, விற்க' என்று இருக்கும். அதோடு 'பிறரைக் கொண்டு செய்வித்துக்கொள்ள' என்பதும் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு நேரெதிரான கேள்வியையும் கேட்க வேண்டும்: உரிமம் உள்ள ஆலை, உரிமம் இல்லாத வேறொருவரின் வடிவமைப்பைச் செய்து கொடுக்கலாமா? பக்கத்துத் தோட்டத்துப் பாதையில் எங்கள் மூட்டையை எங்கள் குதிரை சுமப்பது ஒன்று, வாடகைக் குதிரை சுமப்பது இன்னொன்று, எங்கள் குதிரை மூன்றாம் வீட்டாரின் மூட்டையைச் சுமப்பது முற்றிலும் வேறு.

சைரிக்ஸ் என்ற சிறு நிறுவனம் இன்டெலுக்குப் போட்டியான செயலிகளை வடிவமைத்து, இன்டெலின் உரிமம் பெற்றிருந்த ஐபிஎம், எஸ்ஜிஎஸ்-தாம்சன் ஆகியவற்றிடம் செய்வித்தது. எஸ்ஜிஎஸ்-தாம்சனோ தன் இத்தாலியச் சார்பு நிறுவனத்தைக் கொண்டு அதைச் செய்தது. இந்த வழி ஒப்பந்தத்துக்கு உட்பட்டதே என்று அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. இன்டெல் விரும்பாத ஒரு போட்டியாளர், இன்டெல் தானே கையெழுத்திட்ட தாள்களின் வழியாக உள்ளே வந்தார்.

2009இல் இதே கேள்வி பெரிய அளவில் திரும்பியது. ஏஎம்டி தன் ஆலைகளைப் பிரித்து, அபுதாபி முதலீட்டோடு குளோபல்ஃபவுண்டரீஸ் என்ற புதிய நிறுவனமாக்கியது. இன்டெலும் ஏஎம்டியும் 2001இல் போட்ட ஒப்பந்தத்தின் வரையறைப்படி அது துணை நிறுவனம் ஆகாது, ஆகவே அதற்கு உரிமம் இல்லை, ஏஎம்டி ஒப்பந்தத்தை மீறிவிட்டது என்று இன்டெல் நோட்டீஸ் அனுப்பியது. அப்படிச் சொல்லி உரிமத்தை முறிக்க முயல்வதே மீறல் என்று ஏஎம்டி பதில் சொன்னது. அந்த நவம்பரில் இன்டெல் 125 கோடி டாலர் கொடுத்து, போட்டிச் சட்ட வழக்குகள் உட்பட எல்லாவற்றையும் முடித்துக்கொண்டது. ஐந்தாண்டுக் குறுக்கு உரிமம் புதிதாக எழுதப்பட்டது.

ஐந்தாம் படி: இரண்டு காலங்களைப் பிரித்துக் குறியுங்கள்

இது சிறிய படிதான், ஆனால் புதியவர்கள் இங்கே தவறு செய்வதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். எந்தத் தேதிவரை விண்ணப்பித்த காப்புரிமைகள் ஒப்பந்தத்துக்குள் வருகின்றன என்பது ஒரு காலம். அப்படி வந்த காப்புரிமைகளின்மீதான உரிமம் எதுவரை நீடிக்கிறது என்பது வேறு காலம். 2019 அக்டோபரில் தைவானின் ஃபவுண்டரி நிறுவனமான டிஎஸ்எம்சியும் குளோபல்ஃபவுண்டரீஸும் செய்துகொண்ட சமரசம், அன்றைக்கு இருந்த சிப் காப்புரிமைகளையும் அடுத்த பத்து ஆண்டுகளில் விண்ணப்பிக்கப் போகும் காப்புரிமைகளையும் உள்ளடக்கியது. பத்தாண்டு என்பதை மட்டும் கேட்டுவிட்டு, 2029இல் எல்லாம் முடிந்துவிடும் என்று அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது. முதல் காலம் முடிந்த பிறகு விண்ணப்பித்தவைதான் நிச்சயமாக வெளியே நிற்கும்; உள்ளே இருப்பவற்றின் ஆயுள் இரண்டாவது காலத்தைப் பொறுத்தது.

ஆறாம் படி: பணம் ஏன் ஒரு பக்கமாகப் போகிறது என்று கணக்கிடுங்கள்

இருவரும் உரிமம் கொடுக்கும்போது பணம் எதற்கு என்று என் அண்ணன் மகன் கேட்டான். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 'அ' நிறுவனம் ஆண்டுக்கு 1,000 கோடி ரூபாய்க்கு விற்கும் பொருள்களில் 'ஆ'வின் காப்புரிமைகள் படுகின்றன. 'ஆ' 400 கோடிக்கு விற்கும் பொருள்களில் 'அ'வின் காப்புரிமைகள் படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் ஒரு சதவீத ராயல்டி என்றால் 'அ' பத்துக் கோடியும் 'ஆ' நான்கு கோடியும் தர வேண்டும். கழித்தால் மிஞ்சும் ஆறு கோடியை 'அ' கொடுக்கும். இதைச் சமன்செய்யும் தொகை என்கிறார்கள். அதிகம் விற்பவருக்கு இழக்க அதிகம் இருப்பதால், அவர் வலிமையானவராக இருந்தும் பணம் கொடுக்க நேரிடுகிறது. எதையும் விற்காமல் காப்புரிமைகளை மட்டும் வைத்திருப்பவரிடம் இந்தக் கணக்கு செல்லாது. அவருக்கு நம் உரிமம் தேவையே இல்லை என்பதால் கழிப்பதற்கு மறுபக்கத் தொகை இருக்காது.

உண்மையான பேச்சுவார்த்தையில் அந்த ஒரு சதவீதத்தின்மீதுதான் மாதக்கணக்கில் போராட்டம் நடக்கும். இரு தரப்பும் தங்களிடம் உள்ளவற்றில் மிக வலுவான சில காப்புரிமைகளைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒப்பீட்டு அட்டவணை தயாரிப்பார்கள். இடப்பக்கம் காப்புரிமையின் கிளெய்ம், அதாவது எதற்கு உரிமை கோரப்படுகிறது என்று சொல்லும் வாசகம், உறுப்பு உறுப்பாகப் பிரித்து எழுதப்பட்டிருக்கும். வலப்பக்கம் எதிரியின் சிப்பில் அந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்பதற்கான சான்று இருக்கும். சிப்பின் மேல்மூடியை அமிலத்தால் கரைத்து, அடுக்கு அடுக்காகச் சுரண்டி, மின்னணு நுண்ணோக்கியில் எடுத்த சாம்பல்நிறப் படங்களை ஒட்டி, அதன்மேல் அம்புக்குறி போட்டிருப்பார்கள். ஒரு கிளெய்மில் ஏழு உறுப்புகள் இருந்து, ஆறுக்குச் சான்று கிடைத்து, ஏழாவதற்குக் கிடைக்கவில்லை என்றால் அந்தக் கிளெய்மின் சொற்படி அங்கே மீறல் இல்லை. அப்படி ஏழாவது கட்டம் காலியாக இருந்த ஓர் அட்டவணையைப் பார்க்காமல் நானே மேலே அனுப்பி, கூட்டத்தில் எதிர்த்தரப்பு அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்தபோது வாயடைத்து உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து அட்டவணையைக் கடைசிக் கட்டத்திலிருந்து மேல்நோக்கிப் படிப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். நீங்களும் அப்படிப் படியுங்கள்.

எங்கள் பாதைத் தகராறும் இப்படிக் கொடுக்கல் வாங்கலில்தான் முடிந்தது. பிக்கப் போக அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஊற்றிலிருந்து அவர்கள் தொட்டிக்கு ஒரு குழாய் பதிக்க நாங்கள் இடம் கொடுத்தோம். புதிய தாளில் 'எந்த வகை வாகனத்திலும்' என்று எழுதச் சொன்னது நான்.

ஏழாம் படி: நிறுவனம் கைமாறினால் என்ன ஆகும் என்ற பிரிவைத் தேடுங்கள்

2009ஆம் ஆண்டின் இன்டெல்-ஏஎம்டி ஒப்பந்தத்தில், இரு நிறுவனங்களில் எது வேறொருவர் கட்டுப்பாட்டுக்குப் போனாலும் ஒப்பந்தம் முழுவதும் தானாகவே முடிந்துவிடும் என்று இருக்கிறது. எக்ஸ்86இன் 64 பிட் நீட்டிப்பை வகுத்தது ஏஎம்டி, அடிப்படையான எக்ஸ்86 இன்டெலுடையது. ஆகவே இந்தப் பிரிவு இருவர் கையையும் கட்டுகிறது. இந்த இரண்டில் ஒன்றை யாரோ வாங்கப் போகிறார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் முதலில் இந்தப் பிரிவைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

குறுக்கு உரிமம் அல்லாத உரிமங்களிலும் இதே பிரச்சினை வருகிறது. 2021இல் கைப்பேசிச் சிப் நிறுவனமான குவால்காம், நூவியா என்ற இளம் செயலி வடிவமைப்பு நிறுவனத்தை ஏறத்தாழ 140 கோடி டாலருக்கு வாங்கியபோது, நூவியாவுக்குக் கொடுத்த உரிமம் தன் சம்மதமின்றிக் கைமாற முடியாது என்று, செயலி வடிவமைப்புகளுக்கு உரிமம் தரும் ஆர்ம் நிறுவனம் சொல்லி, 2022இல் வழக்குத் தொடுத்தது. குவால்காம் தன்னிடம் ஏற்கெனவே இருந்த சொந்த உரிமத்தைக் காட்டியது. 2024 டிசம்பரில் டெலாவேர் ஜூரி, அந்தச் சிப்புகள் குவால்காமின் உரிமத்துக்குள் வருகின்றன என்று கண்டது; நூவியா மீறியதா என்ற கேள்வியில் ஜூரியினர் ஒருமனதாக முடிவெடுக்க முடியவில்லை.

எட்டாம் படி: வாங்கியவரையும் கணக்கில் சேருங்கள்

உரிமம் பெற்றவர் பொருளை விற்றுவிட்டால், வாங்கியவர்மீது அதே காப்புரிமையை மறுபடி பயன்படுத்த முடியுமா? எல்ஜி தன் காப்புரிமைகளுக்கு இன்டெலுக்கு உரிமம் கொடுத்தது. ஆனால் இன்டெல் சிப்பை வேறு நிறுவனங்களின் பாகங்களோடு இணைப்பவர்களுக்கு அந்த உரிமம் நீளாது என்று வாடிக்கையாளர்களுக்கு அறிவிக்கச் சொன்னது. குவான்டா என்ற கணினித் தயாரிப்பாளர் அப்படியே இணைத்தார், எல்ஜி வழக்குத் தொடுத்தது. இன்டெல் செய்தது அங்கீகரிக்கப்பட்ட விற்பனை, அந்த விற்பனையோடு காப்புரிமையின் பிடி தீர்ந்துவிட்டது என்று 2008 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. ஆகவே ஒப்பந்தத்தில் விற்பனைக்கே நிபந்தனை போடப்பட்டிருக்கிறதா, அல்லது விற்ற பிறகு அறிவிப்புக் கொடுக்கும் கடமை மட்டும் இருக்கிறதா என்று பிரித்துப் படிக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: சண்டை எந்த அரங்கில் நடக்கிறது என்று பாருங்கள்

அரங்கைத் தேர்ந்தெடுப்பதிலேயே ஒரு தரப்பு எதை விரும்புகிறது என்பது தெரிந்துவிடும். ஒப்பந்தத்துக்குப் பொருள் சொல்ல வேண்டுமானால் ஒப்பந்தம் குறிப்பிடும் மாநில நீதிமன்றம். மீறலுக்கு இழப்பீடு வேண்டுமானால் அமெரிக்கக் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம். இறக்குமதியைத் தடுக்க வேண்டுமானால் அமெரிக்கச் சர்வதேச வர்த்தக ஆணையம். இந்த ஆணையத்தால் இழப்பீடு தர முடியாது, ஆனால் எல்லையில் சரக்கை நிறுத்த முடியும். 2006இல் ஈபே வழக்கில் உச்ச நீதிமன்றம், மீறல் நிரூபணமானாலும் தடையாணை தானாகக் கிடைத்துவிடாது என்று சொன்ன பிறகு, இந்த ஆணையத்தின் தடை இன்னும் மதிப்புக் கூடியது. பிராட்காம் என்ற சிப் நிறுவனம் தொடுத்த வழக்கில், குவால்காம் சிப் உள்ள புதிய கைப்பேசி மாதிரிகளுக்கு ஆணையம் 2007இல் தடை விதித்தது. வழக்கில் பெயர் குறிப்பிடப்படாத கைப்பேசி நிறுவனங்களின் பொருள்களை அப்படித் தடுக்க முடியாது என்று 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் திருத்தியது. 2009 ஏப்ரலில் குவால்காம் 89.1 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசமானது. 2019 ஆகஸ்டில் குளோபல்ஃபவுண்டரீஸ் 16 காப்புரிமைகளோடு டிஎஸ்எம்சிமீது பாய்ந்தபோது, ஆப்பிள், என்விடியா போன்ற வாடிக்கையாளர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்ததை இந்தப் பின்னணியில் படித்தால் காரணம் விளங்கும். டிஎஸ்எம்சி 25 காப்புரிமைகளோடு திருப்பித் தாக்கியது. அடுத்த ஒரு மாதத்துக்குள் இருவரும் கைகுலுக்கினார்கள்.

நடுவர் மன்றத்தின் வலிமையைக் குறைத்து எடைபோட வேண்டாம். ஐபிஎம் இன்டெல் சிப்புகளுக்கு இரண்டாவது தயாரிப்பாளர் ஒருவர் வேண்டும் என்று கேட்டதால் இன்டெலும் ஏஎம்டியும் 1982இல் தொழில்நுட்பப் பரிமாற்ற ஒப்பந்தம் போட்டன. 386 செயலியை இன்டெல் பகிர மறுத்தது. 1987இல் தொடங்கிய நடுவர் விசாரணை நான்கரை ஆண்டுகள் நடந்தது. நடுவர் ஏஎம்டிக்குப் பணத்தோடு, அதன் 386 சிப்பில் இருந்த இன்டெல் அறிவுச் சொத்துக்கு ராயல்டி இல்லாத உரிமத்தையும் கொடுத்தார். ஒப்பந்தத்தில் இல்லாத ஒன்றை நடுவர் கொடுக்கலாமா என்பது கலிபோர்னியா உச்ச நீதிமன்றம்வரை போனது. 1994இல் அது நடுவரின் ஆணையை நிலைநிறுத்தியது. ஒப்பந்தத்தில் நடுவர் பிரிவு இருந்தால், நடுவர் என்னென்ன நிவாரணம் தரலாம் என்பதற்கு எல்லை எழுதப்பட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

பத்தாம் படி: இந்தியாவில் எழுதும்போது

இங்கே காப்புரிமைச் சட்டம், 1970இன் 68ஆவது பிரிவின்படி உரிமம் எழுத்து வடிவில் இருக்க வேண்டும், வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை. 140ஆவது பிரிவை எல்லாரும் ஒருமுறையாவது முழுதாகப் படிக்க வேண்டும். உரிமம் பெற்றவர் செய்யும் மேம்பாடுகளை உரிமம் கொடுத்தவருக்கு மட்டுமே திருப்பித் தர வேண்டும் என்பது, காப்புரிமையின் செல்லுபடியைக் கேள்வி கேட்கக் கூடாது என்பது, வேண்டாத காப்புரிமைகளையும் சேர்த்து மூட்டையாக வாங்கக் கட்டாயப்படுத்துவது ஆகிய நிபந்தனைகள் அங்கே சட்டவிரோதம் எனப்படுகின்றன. வெளிநாட்டு மாதிரி ஒப்பந்தத்தை அப்படியே நகலெடுப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இத்தகைய வழக்குகளைக் கவனிக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்துரிமைக்கெனத் தனிப் பிரிவு 2023 முதல் இருக்கிறது.

இன்னொன்று, சிப்புக்கே உரியது. சிப்பின் அடுக்கமைப்பு வடிவத்துக்கு 2000ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வந்தது. பதிவு செய்தால் பத்தாண்டுப் பாதுகாப்புக் கிடைக்கும். அது காப்புரிமை அல்ல. மைக்ரோகோடுக்கு இருப்பது பதிப்புரிமை. அதுவும் காப்புரிமை அல்ல. எனவே உங்கள் முன்னால் இருக்கும் குறுக்கு உரிமத்தில் காப்புரிமை, அடுக்கமைப்பு வடிவம், பதிப்புரிமை என்ற மூன்றும் வரையறைப் பக்கத்தில் தனித்தனியாகப் பெயர் சொல்லப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஏதாவது ஒன்று விடுபட்டிருந்தால், சிவப்புப் பென்சிலோடு மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.